எந்த 100 கிராம்?

மீல் மேக்கர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், 100 கிராமில் புரதம் 50 முதல் 52 கிராம் என்று போட்டிருக்கும். டின் காளானில் அதே 100 கிராமுக்கு 2 கிராம்கூடத் தேறாது. எலும்பில்லாத கோழிக்கறிக்கும் ஆட்டுக்கறிக்கும் 20, 21 கிராம் என்பது பொதுக்கணக்கு. இந்த எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, 'கறியைவிட மீல் மேக்கர் இரண்டரை மடங்கு சத்து' என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். அந்தக் கணக்கில் தண்ணீர் விட்டுப்போயிருக்கிறது.

பாக்கெட்டில் இருப்பது காய்ந்த பொருள். ஈரம் நூற்றுக்குப் பத்துகூட இருக்காது. கறியில் முக்கால் பங்கு தண்ணீர். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், டின்னுக்குள் போனால் அதன்மேல் ஊற்றிய உப்புத் தண்ணீர் வேறு. காய்ந்ததையும் ஈரமானதையும் எடைக்கு எடை வைத்து ஒப்பிடுவது, அரிசியையும் சோற்றையும் ஒப்பிடுவது மாதிரி. தட்டில் விழும்போது எவ்வளவு என்று பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

காவிரி டெல்டாவில் இந்தக் கேள்வி வருஷத்தில் நாலு தடவை எழும். புரட்டாசியில் கவுச்சி நிறுத்தும் வீடுகளில், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டில், வேளாங்கண்ணிப் பக்கம் தவக்காலத்தில், பிறகு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில். அப்போது நாகையிலும் காரைக்காலிலும் மீன் விலை ஏறும். மளிகைக் கடையில் மீல் மேக்கர் சீக்கிரம் தீரும். கல்யாண மண்டபங்களில் கறி இல்லாத விருந்துக்கு டின் காளானும் டின் பேபி கார்னும் பெட்டி பெட்டியாக இறங்கும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் பேக்ட் பீன்ஸ், கொண்டைக்கடலை டின்களும் வீட்டு அலமாரியில் இருக்கும். எல்லாவற்றையும் 'கறிக்குப் பதில்' என்ற ஒரே பெயரில் சமைக்கிறோம். சத்தில் இவை ஒன்றுக்கொன்று பதிலே இல்லை.

முதலில் மீல் மேக்கர். எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவை அழுத்தத்திலும் சூட்டிலும் தள்ளி, பஞ்சு மாதிரி உப்ப வைத்ததுதான் அது. கொழுப்பு 1 கிராம் அளவுக்குத்தான் மிஞ்சும். நார்ச்சத்து 13 கிராம் அளவுக்கு இருக்கும். சமையலறைத் தராசில் 50 கிராம் எடுத்து, கொதித்த தண்ணீரில் ஊறவைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிழிந்து மறுபடி எடை போட்டால் 125 முதல் 150 கிராம் வரும். அதாவது இரண்டரை முதல் மூன்று மடங்கு. புரதம் கூடாது, 25 கிராம் அப்படியேதான் இருக்கும், கூடினது தண்ணீர். ஆகவே பிழிந்த மீல் மேக்கர் 100 கிராமில் புரதம் 17 முதல் 20 கிராம். கறிக்குச் சமம், சற்றுக் குறைவு. இரண்டரை மடங்கு எல்லாம் இல்லை. ஆனாலும் ஒரு காய்ந்த பொருள் ஊறிய பிறகும் கறிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது லேசான விஷயம் இல்லை.

இந்த 25 கிராம் புரதத்தை ஒரு படியாக வைத்துக்கொண்டால் மற்றதை அளப்பது சுலபம். 50 கிராம் காய்ந்த மீல் மேக்கர் ஒரு படி. முட்டையானால் நாலு. எலும்பில்லாத கோழி 120 கிராம். கறிக்கடையில் வாங்கும்போது எலும்பு போகக் கணக்குப் போடவேண்டும். ஒரு கிலோ வாங்கினால் கிலோவும் கறி இல்லை. பனீர் 130, 140 கிராம், அதோடு 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் வரும். உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு எதுவானாலும் காய்ந்த எடையில் 105 முதல் 115 கிராம்.

டின்னுக்கு வருவோம். உப்புத் தண்ணீரை வடித்த டின் பட்டாணியில் 100 கிராமுக்குப் புரதம் 4.4 கிராம். ஒரு படிக்கு 570 கிராம் பட்டாணி வேண்டும். டின் காளானில் 1.9 கிராம், ஒரு படிக்கு 1.3 கிலோ. ஸ்வீட் கார்ன் இரண்டு, இரண்டரை கிராம். பேபி கார்ன் அதையும் எட்டாது. டின்னில் வருகிறவற்றில் புரதத்துக்கென்று எண்ணத்தக்கது கொண்டைக்கடலையும் ராஜ்மாவும்தான்: வடித்த கொண்டைக்கடலையில் 7 கிராம் உண்டு. தக்காளிச் சாற்றில் வரும் பேக்ட் பீன்ஸில் 5 கிராம் அளவுக்கு இருக்கும், சர்க்கரையும் கிட்டத்தட்ட அதே அளவு சேர்ந்திருக்கும்.

இதில் இன்னொரு பிசகு நடக்கிறது. டின் மேல் 800 கிராம் என்று பெரிதாக எழுதியிருப்பது நிகர எடை. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'டிரெயின்ட் வெயிட்' என்று இருப்பதுதான் வடித்த எடை. காளான் டின்னில் அது பெரும்பாலும் 400 முதல் 440 கிராம். மீதி முழுக்க உப்புத் தண்ணீர். 1.3 கிலோ காளானுக்கு மூன்று டின்னாவது திறக்கவேண்டும். விலையை ஒப்பிடுகிறவர்கள் வடித்த எடையை மட்டும் எடுத்து, அதிலுள்ள மொத்தப் புரதத்தால் விலையை வகுத்துப் பார்க்கவேண்டும். 'ஒரு கிராம் புரதம் எத்தனை பைசா' என்று வரும். மீல் மேக்கரும் உளுந்தும் எங்கேயோ கீழே இருக்கும், டின் காளான் எங்கேயோ மேலே இருக்கும். பேரம் பேசவே இடமில்லாத தூரம்.

அதைவிட முக்கியமானது உப்பு. சாதா மீல் மேக்கரில் சோடியம் அற்பம். வடித்த டின் காளானில் 100 கிராமுக்கு 425 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு, ஆக ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதல். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மண்டபத்தில் ஒருவர் தட்டில் விழும் 150 கிராம் காளான் மசாலாவில், சமையல்காரர் கை வைப்பதற்கு முன்னாலேயே ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு ஏறியாயிற்று. பச்சைப் பட்டாணியில் சோடியம் 5 மில்லிகிராம். அதே பட்டாணி டின்னில் ஏறினால் 200 முதல் 270. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'காய்தானே' என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

இதைக் குறைக்க வழி உண்டு. டின்னைத் திறந்ததும் தண்ணீரை முழுக்க வடியுங்கள். அரிதட்டில் கொட்டி, ஓடும் தண்ணீரில் ஒரு நிமிஷம் அலசி, இரண்டு நிமிஷம் அப்படியே வடிய விடுங்கள். வடித்து அலசினால் உப்பில் சுமார் 40 சதவீதம் போய்விடும் என்பது டின் பயறு வகைகளில் அளந்து பார்த்த கணக்கு. காளான் பஞ்சு மாதிரி உப்பை உள்ளே வாங்கியிருப்பதால், அலசினதை உப்பில்லாத கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்தால் இன்னும் நல்லது. மசாலாவுக்கு வழக்கமாகப் போடும் உப்பில் பாதியை மட்டும் போட்டு, கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். டின் காளானில் சிட்ரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள், அந்தப் புளிப்புக்குத் தக்காளியையும் தயிரையும் சற்றுக் குறைக்கவேண்டும். இது தெரியாமல்தான் பல மண்டபங்களில் காளான் மசாலா புளித்த மாதிரி வருகிறது.

டின்னில் சத்து ஏன் குறைகிறது என்பதற்குக் காரணம் சூடு. புளிப்பில்லாத காய்களை டின்னில் அடைக்கும்போது கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமியின் வித்துகளைக் கொல்ல 121 டிகிரி வரை சூடேற்றியாகவேண்டும். அந்தச் சூட்டில் வைட்டமின் சி-யும் பி1-உம் நிற்காது. பச்சைப் பட்டாணியில் 40 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். டின் பட்டாணியில் 10-க்குள். தண்ணீரில் கரைகிற பொட்டாசியம் உப்புத் தண்ணீருக்குள் போய்விடும்: பச்சைக் காளானில் 318 மில்லிகிராம், டின்னில் 129. நார்ச்சத்து, கரோட்டின், புரதத்தின் பெரும்பங்கு இவை தங்கும். டின் காய்கறி சக்கை இல்லை. பொதுவாக டின்னைவிட உறையவைத்த பட்டாணி மேல், அதைவிட உரித்த பட்டாணி மேல்.

டின் பட்டாணியில் சேர்மானப் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். பலவற்றில் முதலில் நிற்பது உலர் பட்டாணி. ஊறவைத்து, பச்சை நிறம் ஏற்றி அடைத்தது. 102, 133 என்ற நிறமி எண்கள் இருந்தால் நிறம் ஏற்றியதுதான், சந்தேகமே வேண்டாம். அதற்குப் பதில் கடையில் உலர் பட்டாணி வாங்கி ராத்திரி ஊறப்போடலாம். அதிலும் ஒரு சோதனை: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டு அரை மணி நேரம் வையுங்கள், தண்ணீர் பச்சையாகத் திரும்பினால் சாயம் பூசியது.

கறிக்குப் பதில் என்று நாம் சொல்லும் நாட்டுக் காய்களின் கதை வேறு. பலா மூசு (பலாப்பிஞ்சு), வாழைப்பூ, சேனை இவை கறி மாதிரி மெல்ல வரும், மசாலா பிடிக்கும், புரதம் 100 கிராமுக்கு 3 கிராமைத் தொடாது. நார்ச்சத்துக்கும் பொட்டாசியத்துக்கும் அருமையானவை. மூசுக்கறியைத் தின்றுவிட்டு 'கறி சாப்பிட்ட மாதிரி' என்பது நாக்குக்குச் சரி, உடம்புக்குச் சரியில்லை. பழைய சமையல் இதை எப்போதோ சரிசெய்து வைத்திருக்கிறது. திருவையாற்றுப் படுகை வாழைப்பூ வீட்டுக்கு வந்தால் தனியாகவா சமைக்கிறார்கள்? துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரைத்து உசிலி, கடலைப்பருப்போடு வடை, பொட்டுக்கடலை மாவு சேர்த்துக் கோலா உருண்டை. பூ மெல்லுவதற்கு, பருப்பு புரதத்துக்கு. ஒரு பூவுக்கு 150 கிராம் பருப்பு போட்டால் முப்பத்தைந்து கிராம் அளவுக்குப் புரதம் வந்துவிடும்.

சிப்பிக் காளானைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நம் வைக்கோலில் விளைகிற பொருள். பச்சையில் புரதம் 3.3 கிராம். ஒரு கிலோ காளான் முழுக்கச் சேர்த்தாலும் 33 கிராம்தான், 65 கிராம் மீல் மேக்கர் தருவது அது. புரதத்துக்காக மட்டும் காளான் வாங்காதீர்கள். அதன் அருமை பி2, நியாசின், செலினியம் ஆகியவற்றில். இன்னொன்றும் உண்டு: காளானைக் குடைக்கு அடியில் கீறல் கீறலாக இருக்கும் பக்கம் மேலாக வைத்து, உச்சிவெயிலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காட்டினால் அதில் வைட்டமின் டி உண்டாகும். நறுக்கிக் காட்டினால் இன்னும் கூடுதல். பறித்த பிறகும் இது நடக்கும். இருட்டறையில் அடைத்த டின் காளானுக்கு இந்த யோகம் இல்லை.

சிப்பிக் காளான் மண்டபத்துக்குப் போகாததற்குக் காரணம் அதன் ஆயுசு. வெளியில் வைத்தால் ஒரே நாளில் வழவழப்பு வந்துவிடும். அதனால் காயவைக்கப் பார்க்கிறார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் எடை பத்தில் ஒன்றாகும்வரை உடைகிற பதத்தில் காய்ந்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது நடக்காது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், தண்டுக்குள் ஈரம் நிற்கும், பத்தே நாளில் பூஞ்சாணம் பிடிக்கும். மழைக்காலத்தில் உலர்த்தும் பெட்டி இல்லாதவர்கள் அந்தந்த நாள் பறித்ததை அன்றே விற்பதுதான் சரி.

புரதத்தின் அளவு ஒன்று, தரம் ஒன்று. புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்தது; அவற்றில் லைசின் சோயாவில் தாராளம், மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது தலைகீழ். ஆகவே சோற்றோடு மீல் மேக்கர் என்பது ஒன்றின் குறையை ஒன்று அடைக்கும் ஜோடி. உளுந்தும் அரிசியும் இட்லியில் சேர்வதும் இதே கணக்குதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் வெளியிட்ட அளவு, கிலோவுக்கு 0.83 கிராம். ஒரு நாளில் 300 கிராம் அரிசியை வடித்த சோறு சாப்பிடுகிறவருக்கு அதிலேயே 20 கிராமுக்கு மேல் வந்துவிடும். மீதிக்கு 25, 30 கிராம் காய்ந்த மீல் மேக்கரும் ஒரு கரண்டிப் பருப்பும் ஒரு டம்ளர் மோரும் கிட்டத்தட்டப் போதும். கிண்ணம் நிறைய மீல் மேக்கர் தின்ன அவசியமே இல்லை.

கறியில் உள்ள இரண்டு விஷயம் மீல் மேக்கரிலும் இல்லை, டின்னிலும் இல்லை. ஒன்று வைட்டமின் பி12. செடியிலிருந்து வரும் எதிலும் அதை நம்ப முடியாது. ஒரு மாத விரதத்துக்குக் கவலையில்லை, கல்லீரலில் பி12 இருப்பு வருஷக்கணக்கில் தாங்கும். பாலும் தயிரும் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் அதிலும் கிடைக்கும். கறியை நிரந்தரமாக விட்டவர்கள்தான் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். இன்னொன்று உடம்பில் சுலபமாக ஏறுகிற இரும்பு. சோயா லேபிளில் இரும்பு 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் வரைகூட இருக்கும், பார்க்கப் பிரமாதம். சோயாவில் இயற்கையாக உள்ள பைட்டேட் என்ற பொருள் அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கறியின் இரும்பு அளவுக்கு உடம்பில் ஏறாது. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் ஏறுவது கூடும். சாப்பாடு முடிந்த கையோடு டிகிரி காபி குடித்தால் குறையும். கும்பகோணத்துக்காரர்களுக்கு இது கசக்கலாம், ஆனாலும் சோகை இருக்கிற பெண்கள் காபியை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டே ஆகவேண்டும்.

சமைப்பதில் மீல் மேக்கர் கெடுவது பெரும்பாலும் ஊறவைக்கும் இடத்தில்தான். பத்துப் பேருக்கு 250 கிராம் என்றால் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, மீல் மேக்கரைக் கொட்டி அடுப்பை அணைத்து மூடுங்கள். பெரிய உருண்டைக்குப் பத்து நிமிஷம், சின்னதற்கு ஐந்து. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். வயிற்றில் காற்றுப் பிடிக்கவைக்கும் சர்க்கரைகளும் சோயா வாடையும் அதில்தான் இறங்கியிருக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டு, பிழிந்து, மறுபடி ஒருமுறை அப்படியே செய்யுங்கள். பிழிந்த தண்ணீர் நுரையில்லாமல் தெளிவாக வந்தால் போதும். சரியாகப் பிழியாவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்கும், மசாலா ஏறாது, குழம்பு நீர்த்துப்போகும். அடுப்பிலேயே இருபது நிமிஷம் கொதிக்கவிட்டால் பஞ்சாக உதிரும். பிழிந்ததைத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள் தூளில் இருபது நிமிஷம் பிசறிவைத்து, கொஞ்சம் எண்ணெயில் ஈரம் போக வதக்கி, சோம்பு கல்பாசி தாளித்த குழம்பில் கடைசிப் பத்து நிமிஷம் விட்டால் உள்ளே வரை பிடிக்கும். 65 என்று எண்ணெயில் பொரித்தால் அது பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். கொழுப்பே இல்லாத பொருள் என்று பாக்கெட்டில் படித்த பெருமை அந்த வாணலியோடு போயிற்று.

ஊறவைத்துப் பிழிந்ததை ராத்திரியே எடுத்து வெளியில் வைப்பது ஆபத்து. ஈரமும் புரதமும் சேர்ந்த பொருள். சித்திரை வெக்கையில் நாலு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். மறுநாள் விருந்து என்றால் காய்ந்ததாகவே எடுத்துப்போய் அங்கே ஊறவைக்கவேண்டும்.

என் விருப்பம் எது என்றால் தயங்காமல் உளுந்தும் பச்சைப்பயறும்தான். சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள் விதைத்து, மிச்ச ஈரத்திலேயே விளைந்து வருகிற பயறு. அதற்கென்றே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 3 மாதிரி ரகங்களைக் கொடுத்தது. முளைகட்டிய பச்சைப்பயறில் மீல் மேக்கரில் இல்லாத வைட்டமின் சி-யும் வரும். 50 கிராம் பயறை முளைகட்டினால் புரதம் 11, 12 கிராம், உப்பு சுத்தமாகக் கிடையாது. இது வயலில் கிடக்கும்போது டின் கொண்டைக்கடலை எதற்கு?

டின்னுக்கும் ஒரு இடம் உண்டு. புயல், வெள்ளம் என்று மின்சாரம் நாள்கணக்கில் போகிற கரையோர ஊர்களில் நாலு டின் கொண்டைக்கடலை அலமாரியில் இருப்பது புத்திசாலித்தனம். அதை வாங்கும்போதும் திறக்கும்போதும் பார்க்கவேண்டியது: மூடி உப்பியிருந்தால், தையல் ஓரம் நசுங்கியிருந்தால், துருப்பிடித்துக் கசிந்தால், திறக்கும்போது பீறிட்டால் ருசிகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். பாட்டுலிசம் நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. வெள்ளத்தில் மூழ்கிய டின்னும் அப்படித்தான் போகவேண்டும். நல்ல டின்னானாலும் திறந்த பிறகு மிச்சத்தை அதிலேயே மூடிவைக்காதீர்கள். காற்றுப் பட்டதும் உலோகம் கரையத் தொடங்கும். எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றி, குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்க்கவேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் மீல் மேக்கரில் கூடுதல், டின்னில் உப்பு கூடுதல். இரண்டையும் மருத்துவர் சொன்ன அளவுக்குள்தான் தொடவேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சோயா விலக்கு இல்லை, ஆனால் மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் மாத்திரை, மத்தியானச் சோற்றோடு மீல் மேக்கர் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.